கறுப்புப் பின்னணியில் பியூலா

பிப்ரவரி 9, ஞாயிறு

'கீழ்ஸ்தாயி' ஆறாவது இதழுக்கு வேலை தொடங்கியாயிற்று. எங்கள் கல்லூரி மாணவர்கள் நடத்தும் இசைப் பத்திரிகை. நூற்றிருபது பிரதி. எழுதியவர்களும், எழுதியவர்களின் தங்கைகளும், நூலகரும் படிக்கிறார்கள். நான் ஆசிரியர். வடிவமைப்பு, அச்சு, விநியோகம், சைக்கிள் எல்லாம் முகைதீன்.

இந்த முறை அட்டையில் ஒரு முகம். இதுவரை முகம் போட்டதில்லை. முதல் இதழில் தந்தி அறுந்த தம்புரா. இரண்டாவதில் காலி நாற்காலி. மூன்றாவதில் அதே நாற்காலி, வேறு கோணம். நான்காவதற்கு முன் முகைதீன் நாற்காலியை ஒளித்து வைத்துவிட்டான்.

யாருடைய முகம் என்பதில் சந்தேகமே இல்லை. பியூலா.

பிப்ரவரி 10

நவம்பர் 23க்குப் பிறகு பியூலா பாடவில்லை.

அன்று கல்லூரி அரங்கில் எங்கள் குழுவின் கச்சேரி. அவள் பாட்டு. நான் கீபோர்ட். டிசம்பர் இதழில் அதற்கொரு விமர்சனம் வந்தது. எழுதியவர் 'விவாதி'. ராகத்தோடு ஒட்டாமல் துருத்தி நிற்கும் ஸ்வரத்துக்கு அந்தப் பெயர். இப்படியொரு புனைபெயரைத் தேர்ந்தவருக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும். அவர் எழுதியது: "மேல்ஸ்தாயியில் பியூலாவின் குரலில் ஒரு கரகரப்பு படிகிறது, கண்ணாடியில் படியும் தூசிபோல. இந்தக் குரல் தன் முடிவை நெருங்குகிறதோ?"

அவள் குழுவுக்கு வருவதை நிறுத்தினாள். ஜனவரியில் இரண்டு வாரம் வகுப்புக்கே வரவில்லை. வந்தபின் பேச்சும் இல்லை. ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிக் காட்டுகிறாள், அல்லது தலையசைக்கிறாள். ஒரு பத்தி ஒரு குரலை அணைத்துவிட்டது. சொற்களுக்கு அத்தனை வலு. இதை எழுதும்போது வருத்தமாக இருக்கிறது. வருத்தத்தில் கொஞ்சம் பெருமை கலந்திருக்கிறதா என்று சோதித்தேன். இல்லை.

கொஞ்சம்.

விவாதி யாரென்று எனக்குத் தெரியும். ஆசிரியர் என்ற முறையில் வெளியே சொல்ல முடியாது. நாட்குறிப்பிலும் முடியாது. இந்த விடுதி அறைக்குத் தாழ்ப்பாள் சரியில்லை.

திட்டம் இதுதான். மார்ச் 14 இதழ் வெளியீடு. அட்டையில் தன் முகத்தைப் பார்ப்பாள். மேடைக்கு வருவாள். பாடுவாள். அதன்பின் விவாதி யாரென்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

பிப்ரவரி 11

முகைதீன் டீக்கடையில் வைத்துக் கேட்டான். "ஏல ஆவுட, அந்த விவாதி எல்லாரப் பத்தியும் எழுதியிருக்கான். கீபோர்டப் பத்தி ஒரு வரிகூட இல்லியே, என்னா?"

"சொல்லும்படி ஒண்ணும் இல்லாம இருந்திருக்கும்."

"ஒண்ணும் இல்லியா? ஒரு ஆவர்த்தனம் முன்னால ஓடிப்போயி, அங்கன நின்னுக்கிட்டு எங்க எல்லாரையும் தலையாட்டிக் கூப்ட்டியேல!"

முகைதீன்தான் தபலா. அவனுக்குத் தாளச் சுற்றில் கணக்கு தவறாது. டீ ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.

பிப்ரவரி 13

நூலகத்தின் பின்வரிசையில் பியூலாவைப் பிடித்தேன். மேசையில் வெந்நீர் பிளாஸ்க். இந்த வெயிலில் வெந்நீர். துறவு என்பது இப்படித்தான் சிறியவற்றில் தொடங்கும் போலிருக்கிறது.

ஆறாம் இதழ் அட்டையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். இருப்பு, இன்மை, வெளிச்சம். அவள் குறிப்பேட்டில் எழுதினாள்: "சுருக்கமா?"

"உன் போட்டோ அட்டையில. ஸ்டுடியோவுல வச்சு எடுப்போம்."

குறிப்பேட்டை மூடினாள். பிறகு வாய் திறந்தாள். குரல் மிகத் தாழ்ந்து, தேய்த்துக் கழுவியதுபோல இருந்தது.

"வேற எதாவது கேக்கணுமா எங்கிட்ட?"

யோசித்தேன்.

"கறுப்புச் சேல இருக்கா?"

அவள் பிளாஸ்க் மூடியை இறுக்கி மூடினாள். இருக்கிறது என்று தலையசைத்தாள்.

முகைதீனிடம் சொன்னபோது, "அவளுக்கு என்னன்னு கேட்டியா?" என்றான்.

"மௌனத்தக் கேள்வி கேக்கிறது அத அவமதிக்கிறது மாதிரி."

"நல்லா வருவலே நீ" என்றான்.

பிப்ரவரி 16

முழு நாளும் அட்டையைப் பற்றிய சிந்தனை. வேண்டியவை: கறுப்புப் பின்னணி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். சிரிப்பு கிடையாது. நேராகப் பார்க்கும் முகம். சுற்றிலும் நிறைய வெறுமை. நம் ஊரில் வெறுமையை யாரும் மதிப்பதில்லை. ஒரு அங்குலம் காலியாக இருந்தால் அதில் ஒரு பூவை வரைந்துவிடுகிறார்கள்.

துணி துவைக்கவில்லை. நாளைக்கு உடுத்த ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20

முருகன்குறிச்சியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்டுடியோ. பிச்சையா அண்ணாச்சி. பாஸ்போர்ட் போட்டோ, ஞானஸ்நானம், பூப்பு நீராட்டு. உள்ளே மூன்று திரைகள்: அருவி, மாளிகைப் படிக்கட்டு, வெறும் நீலம்.

"கறுப்பு இருக்கா அண்ணாச்சி?"

"கறுப்பா? வச்சுக்கிடறதில்ல தம்பி. அது வேணும்னு வாரவங்க பழைய படத்தக் கொண்டுட்டு வருவாவ. நான் கம்ப்யூட்டர்ல பின்னால கறுப்பா மாத்திக் குடுத்துருவேன்."

என்னைப்போல் சிந்திப்பவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். யாரென்று கேட்கத் தோன்றவில்லை.

துணியை நானே கொண்டுவருவதாகச் சொன்னேன். சித்தப்பா வக்கீல். அவருடைய கோர்ட் கவுன் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் தொங்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

படப்பிடிப்பு.

கவுனை நீலத் திரைமேல் ஊசி குத்தித் தொங்கவிட்டோம். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. பியூலாவுக்குப் பின்னால் ஒரு பெரிய வௌவால் நிற்பதுபோல இருந்தது. முகைதீன் கைகளை உள்ளே மடித்துக் குத்தினான். அதில் அவன் விரலிலும் ஒன்று குத்தியது. "இலக்கியத்துக்கு ரத்தம் சிந்துதேன், எழுதிக்க" என்றான். எழுதிக்கொண்டேன்.

பியூலா கறுப்புச் சேலையில் வந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு பருத்தித் துண்டு. படத்துக்காக அதை எடுக்கச் சொன்னேன். தயங்கி எடுத்தாள். வந்ததிலிருந்து பேசவில்லை. நான் ரோஸ்மில்க் வாங்கி வைத்திருந்தேன். தொடவில்லை. முகைதீன் எதுவும் சொல்லாமல் அதை எடுத்துக் குடித்துவிட்டு, பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிவர எதிர்க்கடைக்குப் போனான். அவனுக்கு எப்போதும் தாகம்தான் முதலில்.

அண்ணாச்சி குடை விளக்கு இரண்டையும் போட்டார். ஒன்றை அணைக்கச் சொன்னேன்.

"ஒண்ண அணைச்சா பாதி மூஞ்சி இருட்டாயிரும்லா?"

"அதுதான் வேணும்."

"நாடிய லேசாத் தூக்கும்மா. தோள எறக்கு. எங்க, ஒரு சிரிப்பு..."

"சிரிப்பு வேண்டாம் அண்ணாச்சி."

கேமராவிலிருந்து கண்ணை எடுத்து அவர் என்னைப் பார்த்தார். பிறகு பியூலாவைப் பார்த்தார். "வயசு என்னம்மா ஆவுது?"

இருபத்திரண்டு என்று விரலில் காட்டினாள்.

"ப்ச்" என்றார் அண்ணாச்சி. அதன்பின் அவர் குரல் தணிந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அவளை உட்காரச் சொல்லி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். தீவிரமான கலைக்கு முன்னால் எவரும் தானாகவே அடங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்தது என்று கவுனைக் கழற்றப் போனேன். அண்ணாச்சி வாசலை மறித்து நின்றார்.

"இருங்க. வெறும் கறுப்ப மட்டும் எடுத்துட்டு ஒருத்தர வெளிய அனுப்ப மாட்டேன். இது எங்க ஸ்டுடியோ வழக்கம். ஒண்ணு அருவியில நில்லுங்க. மூணு பேருந்தான்."

"அண்ணாச்சி, எங்களுக்கு அது..."

"எனக்கு வேணும் தம்பி. கடைக்கு ஆவாது."

அருவித் திரை இறங்கியது. பச்சை மலை. கீழே தொங்கும் வெள்ளைக் கோடுகள் தண்ணீர். நான் கவுனை மடிக்க இடமில்லாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். முகைதீன் என்னைப் பார்த்து, "குளிச்சுட்டு கோர்ட்டுக்குப் போவியளோ சார்வாள்?" என்றான்.

பியூலா சிரித்தாள். சத்தமே இல்லாமல். தோள் மட்டும் குலுங்கியது. ஒரு கை தானாகக் கழுத்துக்குப் போனது. அண்ணாச்சி எடுத்துவிட்டார். அட்டைக்குப் பயனில்லாத படம்.

பிப்ரவரி 24

கவுனின் முதுகில் பதினொரு ஊசித் துளை. சித்தப்பா இன்னும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 27

படங்கள் வந்தன. ஏழாவது படம். கறுப்பிலிருந்து முகம் மெல்ல எழுந்து வருகிறது. இதுவரை நான் செய்ததிலேயே சிறந்தது. எடுத்தது அண்ணாச்சி.

உறையை நீட்டும்போது அவர் கேட்டார். "பெரிசு பண்ணணுமா தம்பி? ஃப்ரேம் போட்டுத் தரவா? விளக்கு வச்சும் ஃப்ரேம் இருக்கு."

எத்தனை மரியாதை. அட்டைக்குத்தான், வேண்டாம் என்றேன். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "மனச விட்றாதிய" என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

வெளியீட்டு விழாவுக்கு அட்டையையே சுவரொட்டியாக அடிக்க முடிவு. முகைதீனின் கணினி முன்னால் நான்கு மணிநேரம். கறுப்புத் தாள். நடுவில் முகம். கீழே 'பியூலா'. இடப்பக்கம் அவள் முதன்முதலில் மேடையேறிய தேதி. வலப்பக்கம் கடைசியாகப் பாடிய நவம்பர் 23. எது என்ன தேதி என்று விளக்கம் கிடையாது. வாசகன் யோசிக்கட்டும். மேலே ஒரே வரி: 'அமைதியில் நிலைத்த குரல்'. அடியில்: மார்ச் 14, காலை 10 மணி, கல்லூரி அரங்கம். பிறகு 'கீழ்ஸ்தாயி நண்பர்கள்'.

"இதழ் வெளியீடுன்னு போடாண்டாமா?"

"போடு. ஆனா ரொம்பச் சின்னதா. குனிஞ்சு படிக்கட்டும்."

முகைதீன் நாற்காலியைப் பின்னால் தள்ளித் திரையைப் பார்த்தான். "மக்கா, இத நான் எங்கியோ பாத்திருக்கேன்."

"நல்ல கலை எல்லாமே ஏற்கனவே பாத்த மாதிரிதான் இருக்கும்."

"இல்லல. தெனமும் பாத்திருக்கேன். எங்கன்னுதான் பிடிபட மாட்டேங்கு."

பியூலாவிடம் காட்டலாம் என்றான். வேண்டாம் என்றேன். வெளியீட்டன்று பார்க்கட்டும். அந்தக் கணத்தில் அவள் முகம் எப்படி மாறும் என்று நான் பார்க்க வேண்டும்.

மார்ச் 5

அச்சகம். உரிமையாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"வெறிச்சுனு இருக்கே தம்பி. சுத்தி ஒரு கட்டம் போட்டுருவமா?"

விட்டுக்கொடுப்பதும் ஒரு பண்பு. மெல்லிய கோடு மட்டும் போடலாம் என்றேன்.

"கிறிஸ்தவப் பிள்ளதான? சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மார்ச் 7

சுவரொட்டி ஒட்டும் இசக்கியண்ணன் போனில் அழைத்தார். நாற்பது தாளும் அச்சகத்திலிருந்து நேராக அவரிடம் போய்விட்டதாம்.

"தம்பி, பிள்ளைக்கு வீடு எந்தத் தெரு?"

சொன்னேன்.

"எந்தச் சபை?"

அதையும் சொன்னேன்.

"சரி. கோயில் வாசல்ல நாலு, தெருமுனையில ரெண்டு, பஸ் ஸ்டாப்புல ஒண்ணு, மிச்சத்த ஊரு பூரா ஒட்டிருதேன். ஞாயித்துக்கிழம விடிய ஒட்டுனாத்தான் எல்லாரு கண்ணுலயும் படும். நீங்க அலையாண்டாம்."

நான் கல்லூரிச் சுவரைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு சுவரொட்டி ஒட்டுபவருக்கு இத்தனை ஈடுபாடா! இதழில் அவருக்கு நன்றி தெரிவிக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எட்டரைக்கு முகைதீன் அழைத்தான். "பல்லு வெளக்கிட்டியா?"

"இப்பதான்..."

"வெளக்காண்டாம். அப்படியே பஸ் ஸ்டாப்புக்கு வா."

சுவரில் வரிசையாக மூன்று. இடப்பக்கம் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். வலப்பக்கம் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் தாயார். நடுவில் பியூலா. மூவருமே கறுப்பில். மூவருக்குமே இருபுறமும் தேதி. பியூலாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டம், கட்டத்தின் மூலைகளில் எரியும் மெழுகுவத்தி இரண்டு, உச்சியில் சிலுவை. அச்சகத்தாரின் அன்பளிப்பு.

மூன்று கண்ணீர் அஞ்சலிகளிலும் எங்களுடையதுதான் நன்றாக இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் முதலில் தோன்றியது அதுதான்.

"இதான்ல. தெனமும் பாத்தேன்னு சொன்னேம்லா" என்றான் முகைதீன். குரலில் விளையாட்டு இல்லை.

மெழுகுவத்தியைத்தான் அவர்கள் சேர்த்தார்கள். மற்ற எல்லாமே நான். கறுப்பு, தேதி, சிரிக்காத முகம், 'அமைதியில் நிலைத்த குரல்', 'நண்பர்கள்'.

ஒரு வாளியும் சுரண்டும் தகடும் வாங்கிக்கொண்டு ஓடினோம். ஆராதனை முடிந்து சபை முழுவதும் அவள் தெருவில் நின்றது. வாசலில் செருப்புகள். உள்ளே பியூலாவின் பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்.

"நவம்பர்லயே போயிட்டாளாமே! எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே எப்சிபா! அப்படி என்ன பக உனக்கு எங்க மேல?"

பியூலாவின் அம்மா எப்சிபா டீச்சர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "யக்கா, அங்கன பாருங்க. பிள்ள நிக்கா. கதவுகிட்ட."

பெரியம்மா திரும்பிப் பார்த்தார். பியூலா தலையில் துண்டோடு, ஆவி பிடித்த முகத்தோடு நின்றாள். பெரியம்மா ஒரு கணம் நிறுத்தினார்.

"அதுக்காவ சொல்லாம இருக்கலாமா?"

இந்த இடத்தில் நான் சிரித்திருக்கக்கூடும். போன் அடிக்காமல் இருந்திருந்தால்.

பியூலாவின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. யாரோ சுவரொட்டியைப் படம் பிடித்துக் கப்பலில் இருக்கும் தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். படம் போய்ச் சேரும் அளவுக்குத்தான் அங்கே நெட். முகம் பார்த்துப் பேச வழியில்லை. கப்பல் போனிலிருந்து அழைத்தார். டீச்சர் ஒலிபெருக்கியில் போட்டார். நான் வாசற்படிக்கு வெளியே, வாளியோடு.

"எப்சிபா, எங்கிட்ட மறைக்காத."

"ஒண்ணும் இல்லைங்க. இந்தா, அவளே பேசுதா."

"அப்பா" என்றாள் பியூலா.

மறுமுனையிலிருந்து, "யாருட்டி பேசுத?"

"நாந்தாம்ப்பா."

"இது எம்புள்ள கொரலு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன நாள்லேருந்து ரெண்டு மாசமா மெசேஜ்தான் வருது. அத யாரு வேணும்னாலும் அனுப்பலாம். யாரு பேசுத? எப்சிபா, யாரப் பேச வைக்க?"

ஆஸ்பத்திரி. அந்தச் சொல் என்னிடம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிளாஸ்க், கழுத்துத் துண்டு, குறிப்பேடு, ஜனவரியில் இரண்டு வாரம், தொடாத ரோஸ்மில்க். ஒவ்வொன்றாக, வரிசையாக, ஒரு ஆவர்த்தனம் தாமதமாக.

"அப்பா, நாந்தான்" என்று மறுபடி சொன்னாள். அவர் அழுதுகொண்டிருந்தார். அவள் சொல்வது கேட்கவில்லை. டீச்சர், "கத்தாத, டாக்டர் என்ன சொல்லியிருக்காரு" என்றார். பியூலா போனை வாங்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

பாடினாள்.

சின்ன வயதில் அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் பாடச் சொல்லும் கீர்த்தனையாம். டீச்சர் பிறகு சொன்னார். முதல் வரி வந்தது. இரண்டாவது பாதியில் அறுந்தது. நின்று, எச்சில் விழுங்கி, அதே இடத்திலிருந்து மறுபடி எடுத்தாள். வேறு குரல். ஆனால் எடுப்பதற்கு முன்னால் விடும் அந்தச் சிறிய மூச்சு அவளுடையது. நான்கு வருடம் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருப்பேன்.

அவள் அப்பாவும் அதை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். "போதும்டா. போதும், பாடாத. அப்பா கேட்டுட்டேன்" என்றார்.

என்னிடம் பாட்டைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறை.

அரைமணி கழித்து, தெருமுனைச் சுவரை நாங்கள் சுரண்டிக்கொண்டிருக்கும்போது வந்தாள். கையில் யாரோ கிழித்துக் கொடுத்த சுவரொட்டி.

"நவம்பர் இருவத்திமூணு" என்றாள். "தேதி நல்லா ஞாபகம் வச்சிருக்க."

"பியூலா, ஒண்ணு சொல்லணும். அந்த விவாதி..."

"நீதான்."

"உனக்கு எப்படி..."

"டிசம்பர்லயே தெரியும். அந்தக் கரகரப்பு மைக்குல விழல. ரெக்கார்டிங்க நாலு தடவ கேட்டேன், இல்ல. ஹால்ல ஒருத்தருக்கும் கேக்கல. எங்கம்மைக்கே கேக்கல." பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "ரெண்டடி தள்ளி உக்காந்திருந்தவனுக்குத்தான் கேட்டிருக்கும்."

"நான் எழுதினதாலதான் நீ பாடுறத விட்டுட்டன்னு..."

அவள் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "உன் எழுத்தாலயா? ஏல, தொண்டையில கட்டி. ஜனவரியில ஆப்பரேஷன். முகைதீன் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ வந்தானே."

முகைதீன் சுவரை மும்முரமாகச் சுரண்டினான். ஏற்கனவே சுத்தமான இடத்தை.

"இவதான் சொல்லக்கூடாதுன்னா" என்றான் சுவரிடம். "நீயாக் கேக்கட்டும்னா."

"அப்போ எம்மேல கோவம் இல்லியா?" என்று கேட்டேன். இப்படியும் ஒருவன் கேட்பானா என்றால், கேட்டேன்.

"இருக்கு. எழுதினதுக்கு இல்ல." சுவரொட்டியை நான்காக மடித்தாள். "உனக்குக் கேட்டிருக்கு. தொண்டைக்கு என்னட்டின்னு ஒரு வார்த்த கேக்கல. ரூமுக்குப் போயி உவம யோசிச்சிருக்க. கண்ணாடி. தூசி."

போய்விட்டாள். நாற்பதில் முப்பத்தெட்டு கிடைத்தன. ஒன்று பியூலாவிடம். இன்னொன்று எங்கே என்று தெரியவில்லை.

மார்ச் 10

ஒரு குரலைக் கொன்றவன் என்ற குற்றவுணர்வோடு மூன்று மாதம் வாழ்ந்தேன். கொன்றது நானில்லை என்று தெரிந்ததும் முதலில் வந்தது நிம்மதி இல்லை.

ஏமாற்றம்.

மார்ச் 11

சித்தப்பா கவுனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டார்.

மார்ச் 12

பியூலா முகைதீனிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். "அருவிப் படத்தப் போடு. இல்லன்னா என் படமே வேண்டாம்."

போட்டோம். பச்சை மலை, வெள்ளைக் கோடுகள், கழுத்தில் கைவைத்துச் சிரிக்கும் பியூலா. முகைதீன் தன்னை முழுதாக வெட்டிக்கொண்டான். என்னை வெட்டும்போது ஒரு முழங்கை மட்டும் வரவில்லை. கவுன் போர்த்திய முழங்கை. "இருக்கட்டும், அதுக்கு ஒரு வரலாறு இருக்குல்லா" என்றான்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம் எழுதினேன். பதினாறு முறை. பதினைந்திலும் உவமை வந்துவிட்டது. கடைசியில்:

'சென்ற இதழில் விவாதி என்ற பெயரில் வந்த கச்சேரி விமர்சனத்தை எழுதியது நான். அன்று பாடகிக்கு உடல்நலமில்லை. பக்கத்திலிருந்தும் என்னவென்று நான் கேட்கவில்லை. அன்றைய கீபோர்டைப் பற்றி விமர்சனத்தில் எதுவும் சொல்லப்படவில்லை. கீபோர்ட் ஒரு ஆவர்த்தனம் முன்னால் போனது. அதை வாசித்ததும் நான். ச. ஆவுடையப்பன்.'

"எழுத்து என்ன சைஸ்?" என்று கேட்டான் முகைதீன்.

"பெரிசா. குனியாமப் படிக்கிற மாதிரி."

மார்ச் 14, வெள்ளி

எங்கள் வெளியீட்டு விழாக்களுக்கு வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள். இன்று அரங்கு நிறைந்துவிட்டது. சுவரொட்டியில் தேதி போட்டிருந்ததே என்று பெரியம்மா வெள்ளைச் சேலையில் உறவினர்களோடு வந்திருந்தார். இசக்கியண்ணன் வந்தார். பிச்சையா அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்து, பியூலா உள்ளே நுழைந்ததும் எழுந்து கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை. மேலே பார்த்துக் கும்பிட்டார்.

பியூலா பாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடியதற்கே டாக்டர் திட்டியிருக்கிறார். இரண்டாம் வரிசையில் பிளாஸ்கோடு உட்கார்ந்து இதழைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தவன், மேசைவிரிப்பைச் சரிசெய்யப் போய்விட்டேன்.

போகும்போது முகைதீனிடம் கேட்டிருக்கிறாள், கிழியாத சுவரொட்டி ஒன்று மிச்சமிருக்கிறதா என்று. அவள் அப்பாவுக்கு வேண்டுமாம். ஊருக்கு வந்ததும் தன் கையால் கிழிக்க.

மார்ச் 16, ஞாயிறு

பஸ் ஸ்டாப்பில் தாசில்தார் பாதி உரிந்திருந்தார். நடுவில் நாங்கள் சுரண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

பியூலா சபையிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்தும் நிற்காமல் நடந்தாள். கூடவே நடந்தேன். இதழைப் பற்றி, வந்த கடிதங்களைப் பற்றி, அடுத்த அட்டையைப் பற்றி, சொல்ல நிறைய இருந்தது. தெருமுனை வரை எதையும் சொல்லவில்லை.

"தொண்ட எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

நின்றாள். "இதக் கேக்க நாலு மாசம்" என்றாள். பிறகு பதில் சொன்னாள். கொஞ்சம் நீண்ட பதில். இடையில் இரண்டு முறை வெந்நீர் குடித்தாள். பிளாஸ்க் மூடியை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

என்ன சொன்னாள் என்று இங்கே எழுதவில்லை.